கீழக்கரை மாடியிலிருந்து ஆழ்வான் படங்கள்: எந்தக் குழாய்க்கு எந்தக் கேமரா?

ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. கீழக்கரையில் மொட்டை மாடி. கையில் 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி; கீழே குழாய் என்பது தொலைநோக்கியைத்தான்), குவியத் தொலைவு 1000 மி.மீ.; வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் குழாயைத் திருப்பும் இ.க்யூ.5 ரக மோட்டார் மவுண்ட். பழைய கேனன் 700டி. நிலாவைக் கேனனிலேயே நேரடியாக எடுத்துப் பழக்கம். இனி ஆழ்வான் பொருள்கள்: ஓமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, கரீனா நெபுலா என்ற வாயு மேகம், எம்8 என்ற இன்னொரு நெபுலா, முடிந்தால் சில கேலக்ஸிகள். இதற்காக 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள, ஐ.எம்.எக்ஸ்.585 சென்சார் வைத்து அதைக் குளிர்விக்கும் கூலிங் கேமரா வாங்கினால் இந்தக் குழாயோடு பொருந்துமா?

பொருந்தாது. அந்தக் கேமரா நல்ல கேமராதான். ஆனால் 1000 மி.மீ. குழாயில், இ.க்யூ.5 மேல், கடலோரக் காற்றில் அது தன் திறனில் பாதியைக்கூடக் காட்டாது. அதே பணத்தில் 70 முதல் 80 மி.மீ. விட்டமும் 400 முதல் 480 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள சிறிய ஈ.டி. ரிஃப்ராக்டர் (நிறப்பிசிறு குறைந்த லென்ஸ் தொலைநோக்கி) ஒன்றும் அதற்குரிய ஃபீல்டு ஃபிளாட்னரும் (படத்தின் மூலை வரை ஃபோகஸைச் சீராக்கும் லென்ஸ்) வாங்குங்கள். இப்போதைக்குக் கேனனே போதும். கூலிங் கேமரா அதற்கு அடுத்தது.

காரணம் ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத் தொலைவால் வகுங்கள். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டை மூடுகிறது என்பது கிடைக்கும். ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்செகண்ட். முழு நிலாவின் அகலம் ஏறத்தாழ 1,800. உங்கள் நியூட்டோனியனில் 2.9 மைக்ரான் பிக்சல் 0.6 ஆர்க்செகண்டை மூடும். கேனனின் 4.3 மைக்ரான் பிக்சல் அதே குழாயில் 0.89. 420 மி.மீ. ரிஃப்ராக்டரில் கேனன் 2.1, ஐ.எம்.எக்ஸ்.585 என்றால் 1.4.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? காற்றோடு. நட்சத்திரம் வானத்தில் ஒரு புள்ளி. காற்றின் நடுக்கம் அதை அகலமான பொட்டாக ஆக்கிவிடுகிறது. சீயிங் என்று சொல்வது இதைத்தான். கடல் மட்டத்தில், நீண்ட எக்ஸ்போஷரில், நட்சத்திரத்தின் பொட்டு 2.5 முதல் 4 ஆர்க்செகண்ட் வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நியாயம். அந்தப் பொட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒரு பிக்சல் இருந்தால் போதும். 3 ஆர்க்செகண்ட் இரவில் 1 முதல் 1.5. கொஞ்சம் கூடி 2 ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. டிதரிங் செய்து (படத்துக்குப் படம் குழாயைச் சில பிக்சல் நகர்த்தி) எடுத்த நிறையப் படங்களை, நுண்ணிய பிக்சல்களில் அடுக்கும் டிரிஸில் முறையில் சேர்த்தால் ஓரளவு நுணுக்கம் திரும்ப வரும். 0.6இல் நிலைமை வேறு. ஒரு நட்சத்திரம் ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவும். புதிய விவரம் எதுவும் வராது, வந்த ஒளி மட்டும் நிறையப் பிக்சல்களுக்குப் பங்காகிப் போகும்.

இந்தப் பங்கீட்டைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நெபுலா போன்ற பரந்த பொருளிலிருந்து ஒரு பிக்சலுக்கு வரும் ஒளி, பிக்சல் அளவை எஃப் எண்ணால் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தது) வகுத்து வர்க்கம் எடுத்த அளவுக்கு இருக்கும். உங்கள் நியூட்டோனியன் எஃப்/5. அதில் 4.3 மைக்ரான் பிக்சல், 2.9 மைக்ரான் பிக்சலைவிட 2.2 மடங்கு ஒளி வாங்கும். இன்னும் வியப்பானது: 72 மி.மீ. விட்டம், எஃப்/5.8 உள்ள சின்ன ரிஃப்ராக்டரில் மாட்டிய கேனனின் ஒரு பிக்சல், 8 அங்குலத்தில் மாட்டிய 2.9 மைக்ரான் பிக்சலைவிட 1.6 மடங்கு ஒளி வாங்குகிறது. புதிய சென்சாரின் உணர்திறன் பழைய கேனனைவிட நன்றாகவே கூடுதல். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்த வித்தியாசம் குறையும். ஆனாலும் கண்ணாடி பெரிதாக இருந்தால் நெபுலா தானாகப் பிரகாசமாக வரும் என்ற எண்ணம் தவறு என்பது இதிலேயே தெரியும்.

அதற்காக 8 அங்குலத்தை விற்றுவிடாதீர்கள். மொத்தமாகப் பார்த்தால் 72 மி.மீ. குழாயைவிட அது 7.7 மடங்கு ஒளி திரட்டுகிறது. எம்104, எம்51 போன்ற 10 ஆர்க்நிமிடச் சிறு கேலக்ஸிகளுக்கு அந்த ஒளியும் அந்தக் குவியத் தொலைவும் வேண்டும். பிக்சல்களை 2×2 சேர்த்து எடுத்தால் அளவும் சரியாகும். தடை மவுண்ட்தான். குழாய் மட்டுமே ஏறத்தாழ 9 கிலோ. கேமரா, கோமா கரெக்டர் (ஓர நட்சத்திரங்கள் வால் முளைத்ததுபோல் நீளும் கோமாவைத் திருத்தும் லென்ஸ்), கைடு ஸ்கோப் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்தும் துணைத் தொலைநோக்கி; இந்தத் திருத்தம்தான் கைடிங்) சேர்ந்தால் 11 கிலோவைத் தொடும். கண்ணால் பார்க்க இ.க்யூ.5 அதைத் தாங்கும். படம் எடுக்க, மவுண்டுக்குச் சொல்லப்பட்ட எடையில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குதான் ஏற்ற வேண்டும். எடையைவிடக் காற்று மோசம். 8 அங்குலக் குழாய் காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். சின்ன ரிஃப்ராக்டர் அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் கீழக்கரை மாடியில் 1000 மி.மீ. குழாயை நிறுத்தினால் அது படகுப் பாய்தான்.

இனி உங்கள் விருப்பப் பட்டியலுக்கு வருவோம். அதிலுள்ள பொருள்களே குறுகிய குவியத் தொலைவைக் கேட்கின்றன. கீழக்கரையின் அட்சரேகை 9.2 டிகிரி வடக்கு. தெற்கே இருக்கும் ஒரு பொருள் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று அறிய, 90இலிருந்து 9.2ஐயும் அதன் தெற்கு டெக்ளினேஷனையும் (வான நடுக்கோட்டிலிருந்து அது தள்ளியிருக்கும் டிகிரி) கழியுங்கள். ஓமேகா சென்டாரி 33 டிகிரி. சென்டாரஸ் ஏ கேலக்ஸி 38. எம்8 தாராளமாக 56. கரீனா நெபுலா 21; சென்னையில் இருப்பவருக்கு அது 17தான். பெரிய மெகல்லானிக் மேகம் என்ற பக்கத்துக் கேலக்ஸி வெறும் 11. உங்கள் ஊரின் பெரும் பேறு என்னவென்றால், நேர் தெற்கே மன்னார் வளைகுடாவும் அதன் தீவுகளும் தாண்டினால் திறந்த கடல். இலங்கைகூடத் தென்கிழக்கில் ஒதுங்கிவிடுகிறது. ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால். தமிழ்நாட்டில் இப்படித் தெற்கு அடிவானம் வாய்த்தவர்கள் கொஞ்சம்தான், அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் தாழ்ந்து நிற்கும் பொருளின் ஒளி அதிகக் காற்றைத் துளைத்து வர வேண்டும். 21 டிகிரி உயரத்தில் அது தலைக்கு மேலே உள்ள காற்றைப் போல 2.8 மடங்கு. சீயிங்கும் அதற்கேற்பக் கெட்டுப்போகும். தலைக்கு மேலே 2.5 ஆர்க்செகண்ட் இருக்கும் நல்ல இரவில் கரீனா பக்கம் 4.6 வரை போகும். அங்கே 2 ஆர்க்செகண்ட் பிக்சலே கச்சிதம், 0.6 வைத்து எதைப் பிடிப்பது? இதோடு, காற்று ஒரு பட்டகம் போல நிறங்களைப் பிரிப்பதால் தாழ்ந்த நட்சத்திரங்களுக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஓரம் கட்டும். சிவப்பு, பச்சை, நீலத் தளங்களைப் பிரித்துத் தனித்தனியே அலைன் செய்து சேர்த்தால் பெரும்பாலும் போய்விடும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம்.

படச் சட்டத்துக்குள் பொருள் அடங்குமா என்பதும் இதே போல எளிய கணக்கு: சென்சாரின் அகலத்தைக் குவியத் தொலைவால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் டிகிரி. 1000 மி.மீ. குழாயில் ஐ.எம்.எக்ஸ்.585 காட்டும் வானம் 0.64க்கு 0.36 டிகிரி. ஓமேகா சென்டாரியின் அகலமே அரை டிகிரிக்கு மேல். தலையும் காலும் வெட்டுப்படும். எம்8 ஒன்றரை டிகிரி நீளம், கரீனா 2 டிகிரி. 420 மி.மீ. குழாயில் கேனன் 3க்கு 2 டிகிரி காட்டுகிறது, மூன்றும் அடங்கும். எம்8ஐக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் பக்கத்தில் எம்20 நெபுலாவும் சேர்ந்து வரும். ஆண்ட்ரோமெடா 3 டிகிரி நீளம், மூலைவிட்டமாகத் திருப்பினால் பிடித்துவிடலாம். பெரிய மெகல்லானிக் மேகம் 10 டிகிரி அளவில் விரிந்தது. அதற்குக் கேனனில் 85 மி.மீ. லென்ஸை மாட்டி, அகத்தியர் நட்சத்திரத்துக்குத் தெற்கே திருப்புங்கள். தொலைநோக்கியே வேண்டாம்.

585 கேமராதான் வேண்டும் என்று மனது அடம் பிடிக்கிறதா? அதே சின்ன ரிஃப்ராக்டரில் 1.4 ஆர்க்செகண்ட், ஒன்றரைக்கு 0.86 டிகிரி. ஓமேகா சென்டாரிக்கு நல்ல பொருத்தம், கரீனாவுக்குச் சட்டம் போதாது. என் தேர்வு என்றால் 3.76 மைக்ரான் பிக்சல் உள்ளவை: ஐ.எம்.எக்ஸ்.533 சதுர சென்சார், பக்கம் 11.3 மி.மீ., 420 மி.மீ. குழாயில் 1.5 டிகிரி, அல்லது ஐ.எம்.எக்ஸ்.571, அதே குழாயில் 3.2க்கு 2.1 டிகிரி. இரண்டிலும் 1.85 ஆர்க்செகண்ட், இரண்டிலும் டார்க் படத்தின் (மூடி போட்டு எடுக்கும் திருத்தப் படம்) மூலையில் வெளிச்சம் படியும் தொல்லை இல்லை. விலை வித்தியாசம் பெரிது. 533 தொடங்குபவருக்குப் போதும், கரீனா மட்டும் அதிலும் முழுதாக அடங்காது.

கூலிங் கேமரா இந்தக் கரையில் ஏன் அடுத்த கட்டமாக அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். சென்சார் 6, 7 டிகிரி சூடானால் டார்க் கரண்ட் (ஒளியே இல்லாமல் சென்சாரில் சேரும் சிக்னல்) இரட்டிக்கும். ஏப்ரல், மே இரவில் மாடியில் 28 டிகிரி இருந்தால் கேனனின் சென்சார் உள்ளே 35ஐத் தாண்டிவிடும். படம் முழுக்கச் சிவப்பு, நீலப் புள்ளிகள் வாரி இறைத்தது போல் இருக்கும். கேனனுக்கு மருந்து மூன்று: டார்க் படங்களை அன்றைய இரவிலேயே, அதே ஐ.எஸ்.ஓ., அதே நேரத்தில் எடுங்கள் (ஒவ்வொரு படத்திலும் கேமராவின் வெப்பநிலை கோப்போடு வரும் எக்ஸிஃப் குறிப்பில் பதிவாகியிருக்கும், பொருத்திப் பார்க்கலாம்). இரண்டு மூன்று படங்களுக்கு ஒரு முறை டிதர் செய்யுங்கள். படத்துக்குப் படம் அரை நிமிடம் ஓய்வு விடுங்கள். கூலிங் கேமரா வாங்கினால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் மைனஸ் 10 அல்லது மைனஸ் 20ஐப் பின்பற்றாதீர்கள். வெளிச்சூட்டிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி வரைதான் அவை கீழே இறக்கும். 28இல் மைனஸ் 7 என்பது மூச்சுத் திணறுகிற எல்லை, அங்கே வெப்பநிலை நிலையாக நிற்காது. ஆண்டு முழுக்க 0 டிகிரி என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டார்க் தொகுப்பு தையிலும் சித்திரையிலும் உதவும். கேமராவுக்குள் இருக்கும் ஈரமுறிஞ்சி மாத்திரைகளை நம் ஈரத்தில் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். சென்சார் நடுவில் பனிப்பூ போல ஒரு திட்டு தெரிந்தால் அதுதான் அறிகுறி.

பாகங்களைச் சேர்ப்பதில் வழுக்குகிற இடம் பின்தூரம். பெரும்பாலான ஃபீல்டு ஃபிளாட்னர்களும் கோமா கரெக்டர்களும் தங்கள் பின்முனையிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. கேட்கின்றன. கேனனுக்கு இது எளிது: கேமரா வாயிலிருந்து சென்சார் 44 மி.மீ., கேமராவைக் குழாயோடு இணைக்கும் டி-ரிங் 11 மி.மீ., கூட்டினால் சரியாக 55. கூலிங் கேமராக்கள் பலவற்றில் உள்ளே 17.5 மி.மீ.; அதோடு 21, 16.5 மி.மீ. ஸ்பேசர்கள் போட்டால் 55. நடுவில் கண்ணாடி ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும், 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. பிளாஸ்டிக் ஷிம் வளையம் போதும். தூரம் தவறினால் மூலை நட்சத்திரங்கள் சொல்லிவிடும். அவை படத்தின் மையத்தை நோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் சென்சார் கிட்டே இருக்கிறது, ஸ்பேசர் கூட்டுங்கள். மையத்தைச் சுற்றி வட்டமாக இழுபட்டிருந்தால் தூரம் அதிகம். ஒரே ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அது பின்தூரம் அல்ல, சாய்வு: ஃபோகஸர் தொங்குகிறது, அல்லது அடாப்டர் திருகு ஒருபக்கமாக இறுகியிருக்கிறது. திருகு வைத்து நெருக்கும் மூக்குக் குழாயை விட்டுவிட்டு மரை போட்ட இணைப்புகளுக்கு மாறினால் இதில் பாதித் தொல்லை போய்விடும்.

நிலாவைக் கேனனில் நேரடியாக எடுத்திருக்கிறீர்கள் என்பதால் உங்கள் நியூட்டோனியனில் ஃபோகஸ் எட்டுகிறது. கண்ணால் பார்க்கவே செய்த நியூட்டோனியன்களில் பல எட்டாது. குவியம் குழாய்க்கு மிக அருகில் விழும், கேமராவின் 55 மி.மீ.க்கு இடம் இருக்காது. அப்படிப்பட்டவற்றில் முதன்மைக் கண்ணாடியை நீளமான போல்ட் போட்டு 20 முதல் 30 மி.மீ. முன்னே தள்ளுவதுதான் சரியான வழி. இரு மடங்கு பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகஸ் வரும், ஆனால் குவியத் தொலைவு 2000 ஆகிவிடும், மேலே சொன்ன கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும். எஃப்/5இல் கோமா இல்லாத வட்டம் நடுவில் 3 மி.மீ.கூட இல்லை, அதனால் கேனனின் 22 மி.மீ. சென்சாருக்குக் கோமா கரெக்டர் கட்டாயம்.

மவுண்ட். இந்தக் கரைக்கென்றே உள்ள சிக்கல் இங்கேதான், கடைக்காரர்கள் யாரும் சொல்லாதது. மவுண்டின் அச்சு வான துருவத்தை நோக்கினால்தான் அது நட்சத்திரங்களோடு சேர்ந்து சுழலும், ஆனால் துருவ நட்சத்திரம் உங்களுக்கு 9 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. 15 மீட்டர் பனைமரம் ஒன்று 95 மீட்டர் தொலைவில் நின்றாலே அதை மறைத்துவிடும். இராமநாதபுரம் மாவட்டத்தில் வடக்கே பனையில்லாத திசை எங்கே? மாடி அந்த விதத்தில் உதவும். நேர் வடக்கே பாக் விரிகுடாவைப் பார்க்கிற அரியமான் போன்ற கரையில் துருவம் கடலுக்கு மேல் தெரியும், ஆனால் அங்கே தெற்கு வானத்தைத் தரைப்பக்க வெளிச்சம் கெடுக்கும். தெற்கையும் துருவத்தையும் ஒரே இடத்தில் சுத்தமாகப் பெறுவது கடினம். தெற்கையே தேர்ந்தெடுங்கள், துருவத்துக்கு மென்பொருள் இருக்கிறது.

முதலில் இயந்திரச் சிக்கல். பல மவுண்டுகளின் அட்சரேகை போல்ட் (அச்சின் சாய்வை ஊருக்கு ஏற்ப மாற்றுவது) 10 டிகிரிக்குக் கீழே இறங்காது, சில அதற்கும் மேலேயே நின்றுவிடும். வாங்கும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். இருப்பது இறங்காவிட்டால் முக்காலியின் தெற்குப் பக்கத்தை உயர்த்தி அல்லது வடக்குப் பக்கத்தைத் தாழ்த்தி முழு மவுண்டையும் வடக்கே சாயுங்கள். தரைமட்டக் குமிழி நடுவில் இல்லாதது பற்றிக் கவலை வேண்டாம், அச்சு துருவத்தை நோக்கினால் போதும். அடுத்து, இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் குழாயைச் சமன் செய்யும் எதிர் எடையின் (கவுண்டர்வெயிட்) கம்பி கிட்டத்தட்ட நேராகக் கீழே தொங்கி வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியை 60 டிகிரி திருப்பி, வடக்கே ஒரு காலுக்குப் பதில் இரண்டு கால்களின் இடைவெளி வரும்படி வையுங்கள். எடை முழுவதும் வடக்கே சாய்வதால் இரண்டு கால் அந்தப் பக்கம் இருப்பது நிலைப்புக்கும் நல்லது. இதைச் செய்யாமல் இரவில் மோட்டாரை ஓடவிட்டால், கம்பி காலில் முட்டி, கியர் நழுவி, அன்றைய வேலை முடிந்தது.

அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் துருவ அலைன்மென்டுக்கு, துருவம் மறைந்திருந்தாலும், படமெடுக்க உதவும் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையோ, நட்சத்திரம் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையோ நல்லது. மூன்று புள்ளி முறை வானத்தில் எங்கே வேண்டுமானாலும் படம் எடுத்து அச்சின் பிழையைக் காட்டும். 9 டிகிரி உயரத்தில் காற்று ஒளியை வளைப்பதால் துருவ நட்சத்திரம் தன் உண்மையான இடத்தைவிட 6 ஆர்க்நிமிடம் அளவுக்கு மேலே தெரியும். துருவ ஸ்கோப்பில் பார்த்துக் கச்சிதமாக வைத்தாலும் அந்த 6 நிமிடப் பிழை இருக்கும். ஒரு ஆர்க்நிமிடப் பிழை நிமிடத்துக்கு அதிகபட்சம் கால் ஆர்க்செகண்ட் நகர்வைத் தரும், அதாவது இங்கே ஒன்றரை. கைடிங் இதை விழுங்கிவிடும், கைடிங் இல்லாமல் எடுப்பவர்களுக்கு மூன்று நிமிடப் படம் கோடாகும். நினாவில் ஒளிவிலகல் திருத்தம் என்ற தேர்வு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

கைடிங்குக்கு 50 மி.மீ. விட்டம், 200 மி.மீ. குவியத் தொலைவு உள்ள சிறு கைடு ஸ்கோப்பும் 3.75 மைக்ரான் கேமராவும் போதும், 3.9 ஆர்க்செகண்ட் பிக்சல், நட்சத்திரத்தின் மையத்தை அதில் பத்தில் ஒரு பங்குவரை மென்பொருள் கணிக்கும். 2 ஆர்க்செகண்ட் படத்துக்கு மொத்தக் கைடிங் பிழை 1 ஆர்க்செகண்டுக்குள் நின்றால் நட்சத்திரம் உருண்டையாக வரும். நன்றாகச் சமன் செய்த இ.க்யூ.5க்கு இது எட்டக்கூடிய இலக்கு. 0.6 ஆர்க்செகண்ட் படத்துக்கு அரைக்கும் கீழே வேண்டும். அது அந்த மவுண்டால் முடியாது, கடற்காற்றில் சத்தியமாக முடியாது.

எக்ஸ்போஷர் பற்றிச் சுருக்கமாக. எஃப்/5.8, கேனன், ஐ.எஸ்.ஓ. 800, 120 முதல் 180 நொடி. கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்தை விட்டு நகர்ந்து கால்வாசியில் நின்றால் சரி. ஓமேகா சென்டாரியின் நடு வெளுத்துப் போகாமல் இருக்க 60 நொடி. கரீனாவுக்கு ஒரு எச்சரிக்கை: மாற்றாத கேனன், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் நாலில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கொத்துகளுக்கும் கேலக்ஸிகளுக்கும் இது பொருட்டல்ல. கரீனாவும் ரோஸெட் நெபுலாவும் மங்கலாக வந்தால் காரணம் அது. கரீனா 18 டிகிரிக்கு மேல் நிற்பது உச்சிக்கு முன்னும் பின்னும் தலா 1.7 மணி நேரம் அளவுதான். ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை மணியளவில் உச்சி. சிக்கல், அந்த உச்சியிலேதான் மெரிடியன் ஃபிளிப்பும் (மவுண்ட் குழாயை மறுபக்கம் புரட்டுவது) வரும். சிறு ரிஃப்ராக்டர் முக்காலியில் இடிக்காது என்பதால் ஃபிளிப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, நல்ல நேரத்தை உடைக்காமல் எடுங்கள். ஓமேகா சென்டாரி அதே ஏப்ரல் நடுவில் நள்ளிரவில் உச்சி, எம்8 விடியலுக்கு முன். ஒரே அமாவாசை இரவில் மூன்றையும் வரிசையாக எடுக்கலாம். மெகல்லானிக் மேகம் ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு. ஆண்ட்ரோமெடாவின் நல்ல மாதங்களை வடகிழக்குப் பருவமழை தின்றுவிடுகிறது. டிசம்பர் கடைசியில் மேகம் விலகினால் மாலை இருட்டியதும்.

கடலோரத்தில் ஒரு நன்மையும் உண்டு, உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இல்லாதது. இரவில் வெப்பம் மெல்லத்தான் இறங்கும். அலுமினியக் குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 23 மைக்ரான் சுருங்கும். எஃப்/5இல் ஃபோகஸ் தாங்கும் ஆழமே 70 மைக்ரான் அளவுதான். மூன்று டிகிரி இறங்கினால் ஃபோகஸ் போய்விடும். அந்த மூன்று டிகிரி இறங்க இங்கே பல மணி நேரம் ஆகலாம். பஹ்தினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்டும், வரிவரியாக வெட்டிய மூடி) வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். மாடிக்கு எதிரி அதன் கான்கிரீட்: பகல் சூட்டை இரவு 10 மணி வரை கக்கிச் சீயிங்கைக் கெடுக்கும். சாயங்காலமே தளத்தில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். இருட்டுவதற்குள் காய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் லென்ஸில் ஏறும்.

தை, மாசியில் பனி கொட்டும். ரிஃப்ராக்டருக்கும் கைடு ஸ்கோப்புக்கும் பனி படியாமல் சூடாக்கும் ட்யூ ஹீட்டர் பட்டி முதல் படத்திலிருந்தே ஓட வேண்டும், மங்கிய பிறகு போட்டால் அரை மணி நேரம் வீண். உப்பு பற்றிக் கண்டிப்பாக இருங்கள். முன்கண்ணாடியில் படிந்த பிசுக்கை உலர்ந்த துணியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்காகிதத்தால் ஒற்றி எடுத்து, கடைசியில் லென்ஸ் திரவம். ஈரத்தோடு மூடி போட்டு அடைக்காதீர்கள். அறைக்குள் ஃபேன் காற்றில் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். நியூட்டோனியனுக்கு இரு முனையும் மூடி. அதன் அலுமினியப் பூச்சைத் தூசியைவிட வேகமாக உப்பீரம் அரிக்கும். முக்காலிக் கால்களையும் போல்ட்டுகளையும் ஒவ்வொரு இரவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ்.

எதையும் ஆர்டர் செய்யும் முன் இருப்பதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. காற்றில்லாத இரவு, 10 மணிக்கு மேல், நியூட்டோனியனில் கேனனை மாட்டித் தலைக்கு மேலே ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குத் திருப்புங்கள். ஃபோகஸைக் கச்சிதமாக்கி 5 நொடி எக்ஸ்போஷரில் 20 படங்கள். இலவச மென்பொருளான சிரிலில் திறந்து, படத்தின் நடுவிலுள்ள நட்சத்திரங்களின் எஃப்.டபிள்யூ.எச்.எம். எண்ணை, அதாவது பொட்டின் அகலத்தை, பிக்சலில் பாருங்கள், 0.89ஆல் பெருக்குங்கள். உங்கள் மாடியின் உண்மையான சீயிங் அதுதான். ஐந்தாறு இரவுகளில் அந்த எண் 3க்கும் 4க்கும் நடுவிலேயே நின்றால் மேலே சொன்ன சின்ன ரிஃப்ராக்டரை யோசனையின்றி வாங்கலாம். திரும்பத் திரும்ப 2.5க்குக் கீழே வந்தால் உங்கள் மாடி அபூர்வமானது. அப்போது ரிஃப்ராக்டருக்கு அடுத்த பணம் கேமராவுக்குப் போகக்கூடாது, 8 அங்குலத்தைத் தாங்குகிற 20 கிலோ ரக மவுண்டுக்குப் போக வேண்டும்.